கட்டைவிரல் ஐயாவும் பொறாமைக் குழியும்

ஊரில் பொறாமை பெருத்துவிட்டது என்ற செய்தியை ஊருக்கு முதலில் சொன்னது பழைய மரக்கிடங்கின் சுவர். ஆள் உயரத்துக்கு ஒரு கட்டைவிரல் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில்: "குழி விழுந்தால் பொறாமை! குழி மறைந்தால் விடுதலை! மாலை நேரம் மட்டும்."

மாலை நேரம் மட்டும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஊராக இருந்தால் சுவரில் கட்டைவிரல் ஏறியிருக்காது.

வித்தை இதுதான். கட்டைவிரல் ஐயா என்று ஒருவர். உங்கள் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மேல், தன் கட்டைவிரலை வைத்து நிதானமாக அழுத்துவார். கண்ணை மூடிக்கொள்வார். பெருமூச்சு விடுவார். பிறகு விரலை எடுப்பார். அந்த இடத்தில் குழி விழுந்து, மூடாமல் அப்படியே நின்றால் தீர்ந்தது: உங்கள்மேல் யாரோ பொறாமைப்படுகிறார்கள். அந்தப் பொறாமை நீராக மாறி உங்கள் காலில் இறங்கிக் குடித்தனம் நடத்துகிறது. குழி மேலோட்டமாக இருந்தால் வெளியாள். கொஞ்சம் ஆழம் என்றால் அக்கம்பக்கம். விரலே புதைகிற ஆழம் என்றால் சந்தேகமே வேண்டாம், உங்கள் சொந்த ரத்தம்.

அடுத்தது வைத்தியம். கிடங்கு முழுக்கச் சரிவான மரப்பலகைகள். அவற்றில் தலை தாழ, கால் உயர உங்களைப் படுக்கவைப்பார்கள். பேசக்கூடாது, அசையக்கூடாது. நெடுநேரம் கழித்து மறுபடி ஐயாவிடம் கூட்டிப்போவார்கள், அவர் அழுத்துவார். குழி இருக்காது! கூட்டம் கைதட்டும். சிலர் அழுவார்கள். மறுநாள் வேலைக்குப் போய் நின்றுவிட்டு வந்தால் காலில் பழையபடி குழி. "உங்கமேல பொறாமைப்படறவங்க விடாம படறாங்களே, நான் என்ன பண்ணட்டும்?" என்பார் ஐயா. மறுபடி வர வேண்டும், மறுபடி காணிக்கை வைக்க வேண்டும். ஒரே தடவையில் குணமாகும் நோயை நம்பி யார் கிடங்கு வாடகைக்கு எடுப்பார்கள்?

வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டைத் தொழிற்சாலையில் பொழுது முழுக்க நின்று இஸ்திரி போடுகிற பெண்கள். வங்கி வாசலில் நின்று நின்றே தலை நரைத்த காவலாளி. முடிதிருத்துகிறவர். துணிக்கடையில் உட்கார அனுமதி இல்லாத விற்பனைப் பெண்கள். இந்த ஊரில் நிற்கிறவர்கள்மேல்தான் எல்லாருக்கும் பொறாமை போலிருக்கிறது. மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர்களை நிற்கவைத்த முதலாளிகள்மேல் ஒருத்தருக்கும் பொறாமை இல்லை.

இதையெல்லாம் வாயாடி வெளியிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய பெரியம்மா. நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறவள். எதிர்த்துப் பேசுவதில் முதல் மதிப்பெண். பேத்தோபிசியாலஜி தாளில், அதாவது உடம்பு எப்படிக் கெடுகிறது என்று சொல்லித்தரும் பாடத்தில், ஒரு முறை தோற்றவள். காற்புள்ளிகூட விடாமல் மனப்பாடம் செய்துவிட்டுப் போய், கேள்வியை மாற்றிக் கேட்டதும் விழித்தவள்.

சிரிப்பு நின்றது பெரியம்மா வீட்டில் நடந்த கதையால்.

பெரியம்மாவும் இஸ்திரிப் பிரிவுதான். இதயம் கொஞ்சம் பலவீனம் என்று மருத்துவமனையில் சொல்லி, நீர் பிரிகிற மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் மேற்பார்வையாளர் முறைப்பார். அந்த முறைப்புக்குப் பயந்து பாதி நாள் மாத்திரையை விழுங்காமல் விட்டாள். கால் வீங்கியது. தோழிகள் கைப்பிடித்து மரக்கிடங்குக்குக் கூட்டிப்போனார்கள்.

ஐயா அழுத்தினார். விரல் புதைந்தது. கண்ணைத் திறந்து, தலையை ஆட்டி, "சொந்த ரத்தம்மா" என்றார். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? அது கெட்டதை உள்ளயே வெச்சுப் பூட்டிடும். நிறுத்துங்க."

பெரியம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தங்கை. வாயாடியின் அம்மா. கணக்கு எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது பாருங்கள்.

அன்றிலிருந்து அக்கா தங்கையிடம் பேசவில்லை. எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். தங்கை அக்கா வீட்டு வாசலுக்கே போய்க் கேட்டதற்குப் பதில் வந்தது: "நான் ஃபிரிட்ஜ் வாங்கினப்ப நீ என்ன சொன்ன? 'உனக்கென்னக்கா'ன்னு சொன்னல்ல? அந்த வார்த்தைதாண்டி என் கால்ல நிக்குது."

'உனக்கென்ன' என்று சொல்லாத தங்கை எந்த வீட்டில் இருக்கிறாள்? ஆனால் இப்போது அது சாட்சியம். தீர்ப்பும் வந்தாயிற்று. வாயாடியின் அம்மா வீட்டுக்கு வந்து தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை. துணியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"விடும்மா. அந்தக் கட்டைவிரலை நான் பாத்துக்கறேன்" என்றாள் வாயாடி.

"வாய் பேசாதடி. அவளுக்கு நிஜமாவே கால் வீங்கியிருக்கு. நான் மனசுக்குள்ள எதாவது நெனச்சிருப்பேனோ என்னவோ."

அதைக் கேட்டதும் வாயாடிக்குச் சுருக்கென்றது. ஏமாற்றப்பட்டவளைவிடக் குற்றம் சாட்டப்பட்டவள் அதிகமாக நம்பத் தொடங்கிவிட்டாள். கட்டைவிரலின் முழுத் திறமையும் இதில்தான் இருந்தது.

மறுநாள் வாயாடிக்கு வார்டில் பயிற்சி. காலையில் போட்ட காலுறையை மாலையில் வீட்டுக்கு வந்துதான் கழற்றினாள். நாள் முழுக்க ஒரு நாற்காலிகூடக் கிடைக்கவில்லை. காலுறையின் விளிம்பு பதிந்த தடம் கணுக்காலைச் சுற்றி வளையமாக நின்றது. ஏதோ தோன்றி, முன்னெலும்பின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள்.

குழி.

சின்னதுதான். ஆனால் குழி. வாயாடி சத்தமாகச் சிரித்தாள். தேர்வில் தோற்ற, தைத்த செருப்பு போட்ட, வார்டு நர்சிடம் தினமும் திட்டு வாங்குகிற ஒருத்திமேல் எந்தப் புண்ணியவதி பொறாமைப்படுகிறாள்? அவள் முகவரி கிடைத்தால் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம்.

சிரித்து முடித்ததும் புத்தகத்தை எடுத்தாள். 'எடிமா', அதாவது நீர்வீக்கம், என்று தலைப்பிட்ட பத்தி. முன்பு தூக்கத்தில்கூட ஒப்பித்த பத்தி. இப்போதுதான் முதன்முறையாகப் படித்தாள். ரத்தக் குழாய்கள் இரும்புக் குழாய்கள் அல்ல. மிக நுண்ணியவற்றின் சுவர் வழியாக நீர் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும், உடம்பு அதை வாரி எடுத்துக்கொண்டே இருக்கும். அசையாமல் நின்றால் மேலே உள்ள ரத்தத்தின் பாரமெல்லாம் காலில் அழுத்துகிறது. கசிவது கூடுகிறது, வாருவது குறைகிறது. நீர் சதைக்குள் தங்குகிறது. விரலால் அழுத்தினால் நீர் விலகி வழிவிடுகிறது, அதுதான் குழி. காலைத் தூக்கி வைத்தால்? நீர் வந்த வழியே திரும்புகிறது. அவ்வளவுதான். சரிவுப் பலகையும் மௌனமும் வெறும் சோடனை.

காலைச் சுவரில் சாய்த்துத் தூக்கிப்போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். காலையில் எழுந்து அழுத்தியபோது குழி இல்லை. மாலை நேரம் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடை அவள் கணுக்காலிலேயே கிடைத்துவிட்டது.

ஆனால் அதன் பிறகு படித்த மீதிப் பத்திதான் அவள் சிரிப்பைத் துடைத்தது. இதயம் பலவீனமானாலும் இதே குழிதான் விழும். இறைக்கிற எந்திரம் சரியாக இறைக்கவில்லை என்றால் ரத்தம் பின்னால் தேங்கும், உடம்பும் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும், கால் வீங்கும். குழி ஒன்று, காரணம் வேறு. நின்றதால் வீங்கியவள் காலைத் தூக்கிவைத்தால் சுகம். இதயத்தால் வீங்கியவளைத் தலை தாழப் படுக்கவைத்தால் காலில் இருந்த நீரெல்லாம் இதயத்துக்கு ஓடிவரும். ஏற்கெனவே திணறுகிற இதயம் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் தேக்கும்.

வாயாடி புத்தகத்தை மூடவில்லை, கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

பெரியம்மா கட்டிலில் இல்லை. நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"ஏன் பெரிம்மா, கட்டில்ல படுக்கலயா?"

"படுத்தா மூச்சு முட்டுதுடி. உக்காந்தா தேவல."

"எத்தன நாளா?"

"மாத்திரைய விட்டதுலேர்ந்து. ஐயாகிட்ட கேட்டேன். கெட்டதெல்லாம் கிளம்பி மேல வருதாம். இன்னும் கொஞ்சம் வந்தா முழுசா போயிடுமாம்."

"முழுசா போறது நீதான் பெரிம்மா! வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"உங்கம்மா அனுப்பினாளா?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாக் கதவும் மூடிக்கொண்டன. வாயாடி கத்தினாள், கெஞ்சினாள், படம் வரைந்துகூடக் காட்டினாள். பெரியம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா வரையறடி" என்றாள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அன்று மாலை பெரியம்மாவோடு வாயாடியும் கிடங்குக்கு வருவாள். ஐயாவிடம் ஒரே ஒரு சோதனை கேட்பாள். ஐயா ஜெயித்தால் வாயாடி இனி வாயைத் திறக்க மாட்டாள். தோற்றால் பெரியம்மா நேராக ஆஸ்பத்திரி.

"ஆனா அதுவரைக்கும் நீ பலகைல படுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சரிடி, சரி."

கிடங்குக்குள் நுழைந்தால் மரத்தூள் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் மல்லுக்கட்டின. நடுவில் ஒரு மேடை. மேடைமேல் உயரமான ஆசனம். ஐயா அதில் மதியத்திலிருந்தே அமர்ந்திருக்கிறார். அவர் கால் மண்ணில் படக்கூடாதாம். ஆகவே இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன, தனித்தனிச் சிவப்பு வெல்வெட் உறைகளுக்குள். பக்கத்தில் மைக்கோடு ஒருவர். "ஐயாவின் உடன்பிறந்த தம்பி நான்! கூடவே இருந்து பார்த்தவன் சொல்றேன்!" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லிக்கொண்டார்.

வாயாடி தொங்குகிற கால்களைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளை அறிந்தவர்களுக்கு அந்த முகம் கலவரத்துக்கு முந்தைய முகம்.

"ஐயா, ஒரு சந்தேகம். காலைல ஏன் பாக்கறதில்ல?"

ஐயா புன்னகைத்தார். "காலைல பொறாமை தூங்கும்மா."

"ஆஹா" என்றது கூட்டம். முடிதிருத்துகிறவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரிங்க ஐயா. உங்க கால்ல குழி விழுமா?"

தம்பி மைக்கில் சிரித்தார். "ஐயாமேல பொறாமையே ஒட்டாதும்மா! கூடப்பிறந்தவன் சொல்றேன், அவருக்குப் பகையே கிடையாது!"

"அப்ப காட்டறதுல என்ன கஷ்டம்? உறையக் கழட்டச் சொல்லுங்க. ஒரே ஒரு அழுத்து. குழி விழலன்னா நானே வெளில நின்னு உங்க நோட்டீசைக் குடுக்கறேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஐயாவின் புன்னகை உதட்டில் மட்டும் மிச்சமிருந்தது. "சோதிக்கறவங்களுக்குப் பலன் கிடையாது" என்றார். சோதிக்கிற எவருக்கும் பலன் தராத சக்திகள் உலகத்தில் ஏராளம். எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கூச்சம்.

"ஐயா காலைத் தொட நீ யாருடி?" என்று இரண்டு தொண்டர்கள் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில்தான் அவள் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறினாள். உதவி செய்கிறோம் என்று தோழிகள் பெரியம்மாவைப் பலகையில் படுக்கவைத்துவிட்டார்கள். "ஒரு நிமிஷந்தானே" என்று பெரியம்மாவும் சத்தியத்தைக் காற்றில் விட்டிருந்தாள்.

முதலில் கேட்டது இருமல். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு மூச்சு. பெரியம்மா எழ முயன்றாள். கைகள் காற்றைப் பிடித்தன. உதடு நிறம் மாறியது.

"வெளியே வருது! வெளியே வருது!" என்று மைக் அலறியது. "விடாதீங்க, அமுக்கிப் பிடிங்க! சொந்தப் பொறாமை சும்மா போகாது!"

பிடித்தார்கள். அன்போடு பிடித்தார்கள். அன்பாலேயே ஒருத்தியை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்கள், கரையில் வைத்து.

வாயாடி தொண்டர்களை எப்படி உதறினாள் என்று அவளுக்கே தெரியாது. பலகைக்குப் பாய்ந்தாள். பிடித்திருந்த கைகளை அடித்துத் தள்ளினாள். பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் தன் உடம்பைக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். கால்களை இழுத்துப் பலகைக்குக் கீழே தொங்கவிட்டாள்.

"காலைக் கீழ விடாதடி! எல்லாம் திரும்பி எறங்கிடும்!" என்று ஒருத்தி கத்தினாள்.

"எறங்கணும்! அதான் வேணும்! நுரையீரல்ல இருக்கறதுக்குக் கால்லயே இருக்கட்டும்! ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க யாராவது! சும்மா நிக்காதீங்க!"

நிற்பதிலேயே வாழ்க்கையைக் கழித்த காவலாளிதான் போனை எடுத்தார். இன்னொருத்தி வாயாடியின் அம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

வாயாடி பெரியம்மாவை மார்பில் சாய்த்துக்கொண்டு, "என்னைப் பாரு, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.  வார்டில் எல்லாவற்றுக்கும் ஒரு சீனியர் இருப்பார். இங்கே அவள் மட்டும்தான். தப்பாகச் செய்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. பெரியம்மாவின் மூச்சில் இன்னும் சளசளப்பு இருந்தது. ஆனாலும் அந்தக் கிணற்றுச் சத்தம் மெல்ல மெல்லத் தணிந்தது. கண் அவளைக் கண்டுகொண்டது.

கூட்டம் இதைப் பார்த்தது. படுக்கவைத்தபோது திணறியவள் உட்காரவைத்ததும் மூச்சு விடுகிறாள். இதற்குப் புத்தகம் வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

பெரியம்மா கையை உயர்த்தினாள். எல்லாரும் வாயாடியை ஆசீர்வதிக்கப்போகிறாள் என்று நினைத்தார்கள். கை மேடையைக் காட்டியது.

"காலை... காட்டச் சொல்லு."

 பிறகு காவலாளி மேடையேறினார். வங்கி வாசலில் நின்ற காலமெல்லாம் எவரையும் தொட்டுப் பேசாதவர். இப்போது ஐயாவின் வெல்வெட் உறைகளில் ஒன்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். உறையின் விளிம்பு பதிந்த தடம் வளையமாக இருந்தது. இஸ்திரிக்காரிகளில் ஒருத்தி முன்னால் வந்து, நாள் முழுக்க இஸ்திரிப்பெட்டி பிடித்துக் காய்த்த கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள்.

அதில் ஒரு கோலிக்குண்டை வைக்கலாம்.

"ஆழமா இருக்கே" என்றார் முடிதிருத்துகிறவர். "இவ்ளோ ஆழம்னா..."

"சொந்த ரத்தம்!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகச் சொன்னன. பாடத்தை நன்றாகத்தான் கற்றிருந்தார்கள். எல்லார் தலையும் மைக் பிடித்திருந்தவர் பக்கம் திரும்பியது.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றார் தம்பி. மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"கூடப்பிறந்தவன் நீதானேப்பா? அண்ணன்மேல உனக்கு அவ்வளவு எரிச்சலா?"

"ஆமா, இவனப் பாத்து நான் பொறாமைப்படறேன்! பாதிக்குப் பாதி பங்கு எனக்கு ஒழுங்கா வருது, நான் ஏன்யா பொறாமைப்படணும்?"

"டேய், வாய மூடுடா" என்று ஐயா பல்லைக் கடித்தார்.

"நீ மூடுண்ணே! எல்லாரும் என்னைக் குத்தவாளி மாதிரி பாக்கறாங்க, நீ குந்திக்கினு இருக்க! மத்தியானத்துலேர்ந்து காலைத் தொங்கப்போட்டு உக்காந்தா எவனுக்கும்தான்யா வீங்கும்! இதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

மைக் அந்த வாக்கியத்தைக் கிடங்கு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எவனுக்கும்தான்யா வீங்கும். அத்தனை மாலைகளில் அந்த மேடையிலிருந்து ஒலித்த ஒரே உண்மை.

அதன் பிறகு நடந்ததைக் கலவரம் என்று சொல்ல முடியாது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒவ்வொருவரும் தான் பேசாமல் விட்ட ஆளை நினைத்துக்கொண்டார்கள். துணிக்கடைப் பெண் தன் நாத்தனாரை நினைத்தாள். முடிதிருத்துகிறவர் பக்கத்துக் கடைக்காரரை நினைத்தார். வெட்கம் கோபமாக மாறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஐயா ஒற்றைக் கால் உறையோடு மேடையின் பின்வாசல் வழியாக நடையைக் கட்டினார். மண்ணில் படக்கூடாத கால் மண்ணில் நன்றாகவே ஓடியது.

ஆம்புலன்ஸ் வந்தது. வாயாடியின் அம்மாவும் வந்து சேர்ந்தாள், ஊசி குத்திய துணியைத் தோளில் போட்டபடி. வண்டிக்குள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எதுவும் நெனைக்கலக்கா. சத்தியமா."

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து பெரியம்மா ஏதோ சொன்னாள். புரியவில்லை. வாயாடி குனிந்து கேட்டாள்.

"அந்த ஃபிரிட்ஜ் சரியாவே ஓடலடி. உங்கம்மாகிட்ட சொன்னா மானம் போயிடும்னு சொல்லல."

மருத்துவமனையில் பெரியம்மாவுக்கு ஊசி போட்டார்கள், மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். தொழிற்சாலையில் கழிப்பறைக்குப் போவதை முறைத்த மேற்பார்வையாளரிடம் இஸ்திரிப் பிரிவே திரண்டு போய்ப் பேசியது. நாற்காலியும் கேட்டது. நாற்காலி இன்னும் வரவில்லை. அதற்கு எந்தப் பலகையிலும் படுத்துப் பலனில்லை, நின்று கேட்டால்தான் உண்டு.

கட்டைவிரல் ஐயா இப்போது வேறு ஊரில் இருக்கிறாராம். தம்பியோடு சமாதானம் ஆகிவிட்டதாம். கால் வேண்டாமென்று நகத்துக்கு மாறியிருக்கிறார் என்று கேள்வி. நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் மருமகளின் வேலையாம். நல்ல கூட்டமாம்.

ஆகவே ஒன்று. உங்கள் உடம்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, இதற்குக் காரணம் உன் தங்கை, உன் மருமகள், உன் பக்கத்து வீட்டுக்காரன் என்று எவராவது சொன்னால், அதே இடத்தை அவர் உடம்பில் முதலில் தொட்டுப் பாருங்கள். தொட விட்டால் உங்கள் கண்ணே தீர்ப்புச் சொல்லும். தொட விடமாட்டேன் என்றால், அவரே சொல்லிவிட்டார்.